கீபோர்டு ட்ராக்கோடு நிஜ வாத்தியத்தைச் சேர்த்துப் பதிய

கீபோர்டில் ரிதம், பேஸ், கார்டு எல்லாவற்றையும் பதிந்து முடித்துவிட்டு, அடுத்த ட்ராக்கில் ஒரு வயலினையோ புல்லாங்குழலையோ வாசித்துச் சேர்த்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மைக்கைச் செருகினால் ஸ்பீக்கரில் சத்தம்கூட வரும், ஆனால் ட்ராக் காலியாகவே கிடக்கும். கீபோர்டில் பழுது எதுவும் இல்லை. அந்த ட்ராக்குகள் சத்தத்தைச் சேமிப்பதே இல்லை. எந்தக் கட்டையை எப்போது தொட்டோம், எவ்வளவு அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கின்றன. 1983-ல் வந்த மிடி முறை இன்றுவரை செய்வது இதைத்தான். குழலிலிருந்து வரும் சத்தத்தைப் பதிந்து வைக்க அதில் வழி கிடையாது.

ஆகவே வாத்தியத்தைச் சேர்க்கும் முன் ட்ராக்கை ஆடியோவாக மாற்றியாக வேண்டும். அதற்கு அவசரப்படாதீர்கள், ஏனென்றால் மிடியாக இருக்கும்வரை சுருதியையும் டெம்போவையும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆடியோ ஆன பிறகு கொஞ்சம் இழுத்தாலும் பேஸும் சிம்பலும் தேய்ந்து ஒலிக்கும். குழல்காரர் ஐந்து கட்டைச் சுருதிக் குழலோடு வந்து நிற்க, உங்கள் ட்ராக் நாலரைக் கட்டையில் ஆடியோவாக இருந்தால் அன்றைய வேலை நடக்காது. மிடியாக இருந்தால் சுருதியை அரை அரை ஸ்வரமாக நகர்த்தும் ட்ரான்ஸ்போஸில் ஒரு படி ஏற்றினால் போதும்.

கட்டை சரியாக இருந்தால் மட்டும் சுருதி சேர்ந்துவிடாது. கீபோர்டு 440 ஹெர்ட்ஸில் அப்படியே நிற்கும், குழலோ ஊத ஊதச் சூடாகிச் சுருதி மெல்ல ஏறும். வந்ததும் வராததுமாகச் சுருதி பார்க்காமல், அவர் கொஞ்ச நேரம் ஊதிப் பழகட்டும். அப்புறம் கீபோர்டில் ஆர்கன் மாதிரி அசைவில்லாத ஒரு வாய்ஸில் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு அவரை அதே ஸ்வரத்தில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டும் சேராவிட்டால் ஒரு அலை அலையான துடிப்பு கேட்கும். கீபோர்டின் மொத்தச் சுருதியை நுணுக்கமாக மாற்றும் மாஸ்டர் ட்யூனிங்கைச் சின்னச் சின்னப் படியாக நகர்த்தினால் அந்தத் துடிப்பு மெதுவாகி ஒரு இடத்தில் நின்றுவிடும், அங்கேயே விட்டுவிடுங்கள். 440-ஐ 442 ஆக்கினாலே ஏறக்குறைய 8 சென்ட் ஏறும், ஒரு அரை ஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு என்றாலும் நீட்டி நிறுத்தும் இடங்களில் காது அதைப் பிடித்துவிடும். வயலின் என்றால் அவரே தந்தியைச் சேர்த்துக்கொள்வார். குழலுக்கும் ஹார்மோனியத்துக்கும் கீபோர்டுதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சரி, சுருதி நின்றுவிட்டது. இப்போது முன்னால் இரண்டு பார் மெட்ரோனோம் தட்டு சேர்த்து ட்ராக்கை ஆடியோவாக எடுங்கள். பென் டிரைவில் ஆடியோ பதியும் வசதி இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் ஹெட்போன் அவுட்டிலிருந்து ஸ்டீரியோ கேபிளில் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு, அதாவது சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டிக்கு, கொண்டு போகலாம். யூஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினால் ஆடியோவும் போகும் என்று நம்பிவிட வேண்டாம், நிறைய கீபோர்டுகளில் அந்த வழியாக மிடி மட்டும்தான் போகும். லேப்டாப் சார்ஜரோடு இருக்கும்போது உர்ர்ர் என்று இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல்.

ஆக்ஸ் இன் ஓட்டையில் மைக்கை நேரடியாகச் செருகுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அது போன், ப்ளேயர் போன்றவற்றின் லைன் அளவுச் சத்தத்துக்காக வைத்தது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட், ஆகவே வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் கூடும். கிடார் பிக்கப்புக்கு வேறு தொல்லை, இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு மாதிரியான அளவு) பொருந்தாமல் ஒலி மங்கிவிடும். ஒரு சாதாரண இன்டர்ஃபேஸில் மைக்கின் சின்னச் சத்தத்தைப் பெருக்கும் ப்ரீஆம்பும் கிடார் இன்புட்டும் சேர்ந்தே இருக்கும், இந்த வேலைக்கு வாங்க வேண்டிய ஒரே பொருள் அதுதான் என்பது என் கருத்து.

வாசிப்பவர் கண்டிப்பாக ஹெட்போனில் கேட்டே வாசிக்க வேண்டும், ஸ்பீக்கரில் ஓடினால் ட்ராக் மறுபடி மைக்குக்குள் ஏறிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. தான் வாசிப்பது தனக்கே தாமதமாகக் கேட்கிறது என்று அவர் சொன்னால் வாசிப்பதைக் கம்ப்யூட்டருக்குப் போய் வராமல் நேராக ஹெட்போனுக்கே அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங்கை இன்டர்ஃபேஸில் போட்டுவிடுங்கள். மைக்கைப் பொறுத்தவரை, குழலுக்கு வாய்க்கு நேர் எதிரே வைத்தால் காற்றுதான் பதியும். சற்று மேலே தூக்கி, ஊதும் துளைக்கும் விரல்களுக்கும் நடுவில் பார்க்கிற மாதிரி திருப்பினால், விரல் வழுக்கி வரும் கமகமும் மூச்சின் மென்மையும் ஒன்றாக விழும். அந்த இடம் கிடைத்த நொடியில் ட்ராக்கே உயிர் பெற்றுவிடும், எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த நொடி அது.

போனில் வாத்தியத்தைத் தனியாகப் பதிந்து பிறகு பொருத்துவதும் நடக்கும், இடம் பார்த்துப் பொருத்த அடையாளமாக ஆரம்பத்தில் ஒரு கைதட்டல் இருந்தால் போதும். ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிடத்துக்கு 3 மில்லிசெகண்ட், ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 15. மெலடிக்குப் பரவாயில்லை, மிருதங்கத்துக்கு ஆகாது.

கடைசியாக மிக்ஸ். ட்ராக்கை ஆடியோவாக எடுக்கும்போதே கீபோர்டின் ரிவர்பை (அறையின் எதிரொலி போன்ற விளைவை) குறைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிவர்ப் போடுங்கள். இல்லாவிட்டால் ட்ராக் ஒரு பெரிய ஹாலிலும் வயலின் ஒரு சின்ன அறையிலும் இருப்பதுபோல ஒட்டாமல் நிற்கும். அதேபோல ஆடியோவாக எடுக்கும் முன்பே, வயலின் வரும் இடங்களில் கீபோர்டின் ஸ்டைலில் (தானாக ஓடும் பின்னணியில்) உள்ள பேட் எனும் நீள ஒலியையும் ஃப்ரேஸ் எனும் சின்ன மெட்டுத் துணுக்குகளையும் அணைத்துவிடுங்கள். கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸும் நிஜ வில்லும் ஒரே சுரப் பரப்பில் மோதிக்கொண்டால் வயலினை எவ்வளவு ஏற்றினாலும் தெளிவு வராது. ட்ரம்ஸ், பேஸ், மெல்லிய பியானோ கார்டு, அவ்வளவு போதும், மிச்ச இடத்தை வயலினே நிரப்பிக்கொள்ளும்.