பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலிலிருந்து மறுபடியும்

என்னிடம் இரண்டு ஆண்டு நர்சிங் டிப்ளமோ சான்றிதழ் ஒன்று இருக்கிறது. பளபளப்பான தாள், பொன்னிற முத்திரை, ஐ.எஸ்.ஓ. 9001 என்ற எண், "மத்திய அரசில் பதிவு பெற்றது" என்ற வரி, எல்லாம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனம் தன் நிர்வாகத்தை ஒழுங்குமுறைப்படி நடத்துகிறது என்பதற்கான தரச்சான்று. செருப்புத் தொழிற்சாலையும் அதை வாங்கலாம். மத்திய அரசுப் பதிவு என்று அவர்கள் சொன்னது சிறுதொழில் நிறுவனமாகப் பதிந்துகொண்டதைத்தான். செவிலியராக வேலை பார்க்கத் தேவைப்படுவது வேறு: மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவு. தமிழ்நாட்டில் அதைத் தருவது, 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். என் சான்றிதழை அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள்.

எங்கள் ஊரில் நான் வேலை பார்த்த சிறிய நர்சிங் ஹோமில் இதை யாரும் கேட்டதில்லை. வெள்ளைச் சீருடை, "சிஸ்டர்" என்ற அழைப்பு, இரவுப் பணி, பாதிச் சம்பளம். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனபோதுதான் பதிவு எண்ணைக் கேட்டார்கள். மேட்ரன் அம்மா நல்லவர். எனக்கு வேலை தெரிகிறது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரம் வைத்திருக்கும் மருத்துவமனை ஒவ்வொரு செவிலியரின் பதிவையும் சரிபார்த்துக் கோப்பில் வைத்திருக்க வேண்டும், பதிவு இல்லாதவரை உதவியாளராக மட்டுமே எடுக்க முடியும் என்றார்.

நான் படித்த நிறுவனத்தில் போய்க் கேட்டால் "அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். வந்துகொண்டிருக்கும் அங்கீகாரம் முன்பு படித்து முடித்தவர்களுக்குப் பொருந்தாது. ஏனென்றால் அனுமதி கல்வியாண்டு வாரியாகத் தரப்படுவது. வாய்ப்பேச்சை நம்பாமல், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டப்படி குழுமத்துக்கு மனு அனுப்பினேன். கேள்வி ஒன்றுதான்: இந்த நிறுவனத்தின் இந்தப் படிப்பு, நான் படித்த ஆண்டுகளில் அங்கீகாரம் பெற்றிருந்ததா? "இல்லை" என்று எழுத்தில் பதில் வந்தது. படித்ததும் வயிறு எரிந்தது. ஆனால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கடிதம்தான் ஆதாரமாக நின்றது. உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்த கேள்வி, படித்த இரண்டு ஆண்டை எதிலாவது கழித்துக்கொள்ள முடியுமா என்பது. முடியாது. அங்கீகாரம் இல்லாத டிப்ளமோவை வைத்து, ஜி.என்.எம். என்ற முறையான செவிலியர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இல்லை. டிப்ளமோ செவிலியர்கள் பட்டம் பெறப் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.க்கு ஜி.என்.எம். முடித்துக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியிலும் அதே விதிதான்.

இந்த இடத்தில்தான் தரகர்கள் வருவார்கள். என்னிடம் வந்தவர் வேறொரு மாநிலத்தின் பெயரைச் சொன்னார். வகுப்புக்குப் போகவேண்டாம், பழைய தேதியில் சேர்க்கை, தேர்வுக்கு மட்டும் ரயிலேறினால் போதும், பதிவும் கைக்கு வந்துவிடும் என்றார். கேட்ட தொகைக்கு ஒழுங்காக மூன்று ஆண்டு படித்துவிடலாம். அப்படி வாங்கும் பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டுமானால் இங்குள்ள குழுமம் அந்த மாநிலத்திடம் சரிபார்க்கும். இப்போது நாடு முழுவதும் செவிலியர்களுக்குத் தனி அடையாள எண் தந்து ஒரே இணையப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போவதென்றால் படித்த இடம், பதிந்த இடம் இரண்டிலும் நேரடியாக விசாரித்த பிறகுதான் உரிமம். பொய்ப் பதிவு என்றைக்கு வெளிப்பட்டாலும் வழக்கில் நிற்கப்போவது நாம்தான்.

ஆகவே மிச்சமிருந்தது என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் மட்டும். அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன். ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. கலைப் பிரிவு படித்தவர்களும் சேரலாம், கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு அதுதான் தகுதி. ஜி.என்.எம். மூன்று ஆண்டு. ஆங்கிலத்தோடு நாற்பது விழுக்காடு மதிப்பெண் வேண்டும், அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஜி.என்.எம்.முக்கு உச்ச வயது 35. எனக்கு அப்போது 24. வீட்டில் எல்லோரும் "இந்த வயதில் மறுபடி முதலாம் ஆண்டா" என்றார்கள். அப்பா மட்டும், முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்டார்.

படிப்பை மறுபடி தொடங்க முடியாத தோழிகளும் இருந்தார்கள். ஒருத்தி அரசு மருத்துவக் கல்லூரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தாள். ஓராண்டுதான், வேலைக்கும் தட்டுப்பாடில்லை. என் கருத்தில், குடும்பச் சுமை இருப்பவர்களுக்கு நர்சிங்கைப் பிடித்துத் தொங்குவதைவிட இது மேல். இன்னொருத்தி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், வார்டில் நோயாளிகளைக் கவனிக்கும் பொதுப்பணி உதவியாளருக்கான தேர்வு எழுதினாள். ஏற்கெனவே வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் சிறு பயிற்சியும் மதிப்பீடும் மட்டும் போதும். அந்தச் சான்றிதழ் உதவியாளர் வேலைக்குத்தான், செவிலியர் ஆக்காது. ஆனால் அது தன்னைப் பற்றி உண்மையைச் சொல்கிறது. மூன்றாமவள் ஜப்பானிய மொழி படிக்கிறாள். அங்கே முதியோர் பராமரிப்புக்கான விசாவுக்கு நர்சிங் பதிவு தேவையில்லை. மொழியில் என்4 என்ற அடிப்படை நிலை, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்புக்கான மொழித் தேர்வு மூன்றிலும் தேற வேண்டும். ஜெர்மனியில் சம்பளத்தோடு மூன்று ஆண்டு செவிலியர் பயிற்சியே தருகிறார்கள் என்பதும் உண்மை. அதற்கு ஜெர்மன் மொழியை நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை என்னிடம் இல்லை.

நான் ஜி.என்.எம்.மைத் தேர்ந்தெடுத்தேன். சேரப்போனால் பழைய நிறுவனம் என் அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் தர மறுத்தது, "பாக்கி" இருக்கிறதாம். காணாமல்போனதாக எழுதிக் கொடுத்து நகல் வாங்கச் சொன்னார் ஒருவர். காணாமல் போகாததைப் போனதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க நான் தயாராக இல்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், தகவல் உரிமைப் பதிலின் நகலை இணைத்து மனு கொடுத்தேன். பாக்கி மாயமாகிவிட்டது, சான்றிதழ்கள் வந்துவிட்டன. பிளஸ் டூவுக்குப் பிறகு இடையில் போன ஆண்டுகளுக்கு விளக்கமாக நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தேன். புதிய பள்ளியில் பணம் கட்டும் முன்பு, அந்தக் கல்வியாண்டுக்கான பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று குழுமத்திடமே கேட்டுக்கொண்டேன். 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பெயர்ப்பலகை மாறலாம், பட்டியலைப் பார்க்கும் வேலை மாறாது.

வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா. நர்சிங் ஹோமில் ஊசி போட்டுப் பழகிய கை என்பதால் முதல் செய்முறை வகுப்பில் கொஞ்சம் மிதப்பாகத்தான் நின்றேன். புட்டத்தில் ஏன் மேல்புற வெளிக் கால்பகுதியில் மட்டும் போட வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். அங்கேதான் போடுவோம் என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. இடம் கொஞ்சம் கீழே, உள்ளே தள்ளிப்போனால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் ஊசி படும், நோயாளி கால் இழுத்து நடக்க நேரும் என்று படம் வரைந்து காட்டினார். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்று பழைய இடத்தில் யாரும் சொன்னதே இல்லை. அங்கே "மூணாம் நம்பர் பெட்டுக்குப் போடு" என்பதோடு சரி. அந்த வேலைக்குப் பதிவு ஏன் கேட்கிறார்கள் என்பது அன்றைக்கு நன்றாகவே விளங்கியது.

கட்டிய பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்காமலும் வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். எதிர்த்தரப்பு, கல்வி என்பது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்கிறது. அப்படிச் சொல்லும் தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆனால் அங்கீகாரமே இல்லாமல் மாணவர்களைச் சேர்த்த பிகார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று இழப்பீடு தர வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலைத்தான் என் மனுவோடு வைத்திருக்கிறேன். என்னோடு படித்தவர்கள் சிலரும் இப்போது தனித்தனியாக மனு தயாரிக்கிறார்கள். அவர்களுக்கும் தகவல் உரிமைப் பதிலின் நகல் கொடுத்திருக்கிறேன்.