பரணிலிருந்து விழுந்த தூக்கு

பொங்கலுக்கு வெண்கலப் பானையை எடுத்துத் தரச் சொன்னார் அம்மா. ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் கதவைத் திறந்தேன். பானை வரவில்லை. எவர்சில்வர் தூக்கு ஒன்று வந்தது, நேராக என் நெற்றிக்கு. வீக்கத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு அதைத் திருப்பிப் பார்த்தால், கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: ‘அன்பளிப்பு, பெரிய மாமா, 12.6.1988’. என் காதுகுத்துக்கு வந்ததாம். அன்று காதில், இன்று நெற்றியில்.

“போகிக்குள்ள இந்தப் பரணைக் காலி பண்ணியே ஆகணும்” என்றாள் மனைவி. சரி, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். நான் ஸ்டூலில், அவள் கீழே கைநீட்டி, அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் நீதிபதியாக.

முதலில் இறங்கியவை சுவர்க் கடிகாரங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவை, மொத்தம் 9. பெட்டியே பிரிக்காதவை 6. இந்த வீட்டில் மணி பார்ப்பது செல்போனில்தான். அம்மா விடவில்லை. “யாராவது வீடு கட்டுவாங்க, குடுத்துக்கலாம்.” அதில் ஒரு பெட்டிக்குள் வேறு யாருக்கோ ‘மணமக்கள் வாழ்க’ என்று எழுதிய கவர் இருந்தது. நமக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது.

அடுத்து, 2006இல் அரசாங்கம் கொடுக்க ஆரம்பித்த 14 இஞ்ச் கலர் டிவி. ஊர் வீட்டை ஒழித்தபோது கூடவே வந்தது. படம் தெரிந்து பல வருஷமாகிறது, ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை மட்டும் புதுசாக இருக்கிறது. அதன் பக்கத்தில் விலையில்லா மிக்சி. அது இன்னும் ஓடுகிறது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

தோசைக்கல் மட்டும் நான்கு. நான்ஸ்டிக் ஒன்று, அது தேய்ந்ததும் வாங்கிய நான்ஸ்டிக் இன்னொன்று, வீடியோ பார்த்து ஆர்டர் போட்ட வார்ப்பிரும்பு (தூக்கினால் தோள்பட்டை இறங்கும்), அப்புறம் அம்மாவின் பழைய இரும்புக்கல். தினமும் அடுப்பில் இருப்பது எது என்று சொல்லத் தேவையில்லை.

கட்டைப்பை கதையே தனி. ஒரு பைக்குள் கை விட்டால் இன்னொரு பை, அதற்குள் நான்காக மடித்து மூன்று. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபிறகு அம்மாவுக்குச் சட்டமே துணை. 47 வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கப் பெட்டி வாங்கலாம் என்று தோன்றியது. ஆப்பைத் திறந்தேன். மூடி வைத்தது, மூடி இல்லாதது, சக்கரம் வைத்தது, மடக்குவது, 24 லிட்டர், 45 லிட்டர், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். லிட்டர் கணக்கில் கடிகாரத்தை அளப்பது எப்படி? முக்கால் மணி நேரம் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இந்தப் பெட்டிய எங்க வைப்பீங்க?” போனைக் கீழே வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் கழிப்பதென்று முடிவானவை: கிழிந்த கோரைப்பாய் ஒன்று, என் பழைய துணிகள். மற்றதெல்லாம் வந்த வழியே மேலே போயின. வெண்கலப் பானை மட்டும் கிடைக்கவே இல்லை. கேட்டதற்கு, “ஆமாண்டா, அது கும்பகோணத்துல சித்தி வீட்டுல இல்ல இருக்கு” என்றார் அம்மா. நெற்றி இன்னொரு முறை வலித்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் குரல்: “பழைய துணிக்குப் பாத்திரம்ம்ம்…”

எனக்கு முன்னால் அம்மா வாசலில் நின்றார். துணி மூட்டை இறங்கியது. பாத்திரக்காரர் டம்ளர் என்றார், அம்மா குண்டான் என்றார். அவர் இன்னும் துணி கேட்டார். நான் ‘தீபாவளிக்கு வாங்கினதும்மா’ என்பதற்குள் கொடியில் காய்ந்த ஜீன்ஸும் மூட்டையில் சேர்ந்தது. அரைமணி நேரப் பேரம் முடிந்து, அகலமாக, பளபளவென்று ஒரு பேசின் உள்ளே வந்தது. டம்ளர் இரண்டு கொசுறு.

அம்மா அதை இரண்டு தட்டுத் தட்டிக் கனம் பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

“கடைத்தெரு வரைக்கும் போய் இதுல உன் பேரை வெட்டிட்டு வாடா.”