அவலாஞ்சி ஏரிக்குப் போகிறவர்களுக்கு

அவலாஞ்சியைப் பனியாறு (மெல்ல நகரும் பனிக்கட்டி) குடைந்த ஏரி என்று நினைத்துப் போகாதீர்கள். அப்படிப்பட்ட ஏரி எதுவும் நீலகிரியில் இல்லை. ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டுவித்தது. அவலாஞ்சியும் எமரால்டும் குந்தா மின்திட்டத்தின் அணைநீர். அவலாஞ்சி என்ற பெயர்கூட நிலச்சரிவால் வந்ததுதான்.

ஊட்டியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். சொந்தக் கார் வனத்துறைச் சோதனைச்சாவடி வரைதான். அதற்கு மேல் வனத்துறை வண்டி. காலையிலேயே போய்ச் சேருங்கள். தாமதித்தால் வரிசை நீளும், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிப் பள்ளத்தாக்கையே மறைத்துவிடும். பாதை குலுக்கி எடுக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்னிருக்கை கேளுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சரிவெங்கும் புல்வெளி, மலை மடிப்புகளில் மட்டும் ஒடுங்கி நிற்கும் சோலைக்காடு. மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடையை ஓடவைப்பது இவைதான். தயவுசெய்து புல்லை மிதித்து இறங்காதீர்கள்.

தென்மேற்குப் பருவத்தில் அட்டைப்பூச்சி காலில் ஏறும், முழுநீளக் காலுறை அவசியம். 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எச்சரிக்கை விடுத்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நீலகிரிக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸ் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.