மேலாளர் நாற்காலியில் மட்டும் பெண்கள்

கல்லூரிகளுக்கு இடையேயான மகளிர் கபடிப் போட்டி நடக்கும் நாளில், ஆடுகளத்தின் ஓரத்தில் கிடக்கும் நாற்காலிகளைப் பார்த்தாலே எங்கள் தொழிலின் நிலை விளங்கிவிடும். ஆடுவது பெண்கள், ஆனால் டைம் அவுட் கேட்டு எழுந்து, அடுத்து யார் ரெய்டு போக வேண்டும், எந்தக் கார்னர் தடுப்பாட்டக்காரரை மாற்ற வேண்டும் என்று சொல்பவர் அநேகமாக ஓர் ஆண். மாணவியரின் அடையாள அட்டைகளும் தகுதிப் படிவங்களும் அடங்கிய கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர், அணி மேலாளரான பெண்.

சேலம் மாவட்டத்தில் ஓர் இருபாலர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கும் நான், அந்த இரண்டாவது நாற்காலியில் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். மாணவியர் வெளியூர் செல்லும்போது பெண் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த ஏற்பாட்டைச் செய்து முடித்ததுமே பெண்களுக்கு உரிய இடம் கொடுத்தாகிவிட்டது என்று நிர்வாகங்கள் எண்ணிக்கொள்வதுதான் சிக்கல். ரயில் முன்பதிவு, அறைச் சாவி, வயிற்று வலிக்கு மாத்திரை, இரவானதும் பெற்றோருக்குத் தொலைபேசி என அத்தனையும் மேலாளரின் பொறுப்பு. பஞ்சாபின் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளருக்கான பயிற்சி முடித்து, நடுவர் தேர்விலும் தேறிய பெண்ணாகவே இருந்தாலும், அணியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவரை நோக்கி வரும் கேள்வி, “மேடம், பிள்ளைகளை நீங்க பாத்துக்கிறீங்களா?” என்பதாகவே இருக்கும்.

ஆட வருவோர் பெருகினால் பெண் பயிற்சியாளர்களும் தாமாகவே பெருகுவார்கள் என்று கூட்டங்களில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் அமெரிக்கக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் ‘டைட்டில் நைன்’ சட்டம் அங்கே 1972-இல் வந்தபோது, கல்லூரி மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். 2014-இல் அது 43 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டது. ஆடும் மாணவியர் பல மடங்கு பெருகிய காலமும் அதுவே. மகளிர் அணிகளுக்குப் பணமும் மதிப்பும் வந்ததும் ஆண்கள் அந்தப் பதவிகளுக்கு வந்தார்கள். ஆண்கள் அணிகளுக்குப் பயிற்சியளிக்கப் பெண்களை அழைப்போர் மட்டும் அரிதாகவே இருந்தனர். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பயிற்சியாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 13 விழுக்காடுதான்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வரும் மாணவியர் எங்கள் அணிக்குப் பெரும் பலம். ஏற்ற இறக்கங்களில் நடந்தே பழகியவர்களுக்கு எளிதில் மூச்சு வாங்குவதில்லை. மாலைப் பயிற்சி முடிந்தபின் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீடு சேர்வது இயலாது என்பதால், விடுதியில் அவர்களுக்கு இடம் வாங்குவதே என் முதல் வேலை. அப்படி ஆடி முடித்த பெண், பயிற்சியாளராக வேண்டுமானால் உடற்கல்விப் பட்டமோ பட்டியாலாவில் பட்டயப் படிப்போ தேவைப்படும். சரியாக அந்த வயதில்தான் வீட்டில் வரன் பார்க்கத் தொடங்குகிறார்கள். வடக்கே விடுதியில் தங்கிப் படிப்பது என்ற பேச்சு அத்தோடு நின்றுபோகிறது. பிறகு, தகுதியுள்ள பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம்.

மேல்மட்டத்தில் சில அசைவுகள் தெரிகின்றன. பி.டி. உஷா 2022-இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்களாவது இருக்க வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டின் விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூறுகிறது. ஒரு கல்லூரியின் விளையாட்டுக் குழுவை அந்தச் சட்டம் தொடாது.

ஆகவே எங்கள் கல்லூரி அளவில் ஒன்றை எழுத்துமூலம் கேட்டுப் பெற்றேன்: மகளிர் அணியின் பயிற்சியாளர் பெண்ணாக இருப்பார், பயணச் சீட்டும் கணக்கு வழக்கும் உடன் வரும் மற்றொருவரின் பொறுப்பு. முதல் ஆண்டு அணி தோற்றுத் திரும்பியபோது, பெண்ணிடம் கொடுத்ததால்தான் என்ற பேச்சு எழுந்தது. முந்தைய ஆண்டுகளிலும் அதே சுற்றில்தான் தோற்றுக்கொண்டிருந்தோம் என்பது எவருக்கும் நினைவில்லை. இப்போது மாணவர் கபடி அணிக்கு எங்கள் முன்னாள் மாணவி ஒருவரைப் பகுதிநேரப் பயிற்சியாளராக அமர்த்தப் பரிந்துரைத்திருக்கிறேன். பையன்கள் அவர் சொல் கேட்பார்களா என்று நிர்வாகம் விளக்கம் கேட்டிருக்கிறது. ஒரு பள்ளியில் அவர் ஏற்கெனவே பையன்களுக்குத்தான் பயிற்சி அளித்துவருகிறார் என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.