சினைப்பைக் கட்டி என்றார்கள், சினைப்பையில் ஒன்றுமே இல்லை

தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. எனக்கு வந்தது குடலைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வில் உருவாகிற நீர்க்கட்டி. மிசென்ட்ரிக் சிஸ்ட் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேரும் பெரியவர்களில் லட்சத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில்தான் இது வருமாம். அரிதாக இருப்பது கூடப் பரவாயில்லை. முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் தவறாக விழுந்த ஒரு வார்த்தை கடைசி வரைக்கும் கூடவே வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வருடமாக வயிறு உப்பிக்கொண்டே வந்தது. கேஸ் என்று மாத்திரை தந்தார்கள், விழுங்கினேன். ஒரு நாள் பால் வாங்கப் போன இடத்தில் பக்கத்துத் தெரு அக்கா, "எத்தனை மாசம்?" என்று ஆசையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாளே ஸ்கேன் எடுக்கப் போனோம்.

ரிப்போர்ட்டில் "இடது சினைப்பையில் 14 செ.மீ. நீர்க்கட்டி" என்று போட்டிருந்தது. சினைப்பை தனியாகத் தெரிந்தால் கட்டி வேறு இடத்தில் இருக்கலாம் என்று புரியும்; அது தெரிந்ததா இல்லையா என்று ஒரு வரி கூட இல்லை. அதைக் கவனிக்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. பெண்கள் நல மருத்துவர் படத்தைப் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டை மட்டும் படித்துவிட்டு, "சினைப்பையோடு சேர்த்து எடுத்துடலாம்" என்றார். எனக்கு வயது 31. ஒரு பெண் குழந்தை. இரண்டாவது வேண்டும் என்று காத்திருக்கிறோம். கேன்சர் சந்தேகத்துக்காக எடுத்த சிஏ 125 ரத்தப் பரிசோதனை 19 என்று வந்தது. 35-க்குள் இருந்தால் சரி என்றார்கள். அதிலாவது கொஞ்சம் மூச்சு வந்தது.

இன்னொரு இடத்தில் ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாம், ஆபரேஷனே வேண்டாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வகைக் கட்டியில் நீரை மட்டும் எடுத்தால் பை உள்ளேயே இருக்கும், மறுபடி நிரம்பிவிடும். கிருமி தொற்றவும் வாய்ப்பு உண்டு. யாராவது அப்படிச் சொன்னால், "பையோடு எடுக்க முடியாதா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

எங்கள் தாய்மாமா பிடிவாதமாக மதுரையில் வயதான ஒரு அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லை. படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லி, இரண்டு கையாலும் கட்டியைப் பிடித்தார். வலமும் இடமுமாகத் தள்ளினார், வழுக்கிக்கொண்டு போய் வந்தது. மேலும் கீழுமாகத் தள்ளினார், அவ்வளவாக அசையவில்லை. என் கையையும் எடுத்து வைத்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். "குடல் தொங்குற சவ்வு முதுகுப் பக்கம் சாய்வா ஒரு கோடு மாதிரி ஒட்டியிருக்கும்மா. அதுல இருக்கிற கட்டி பக்கவாட்டுலதான் நல்லா ஆடும். இது சினைப்பை இல்லேன்னு நினைக்கிறேன், சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார். இந்தக் கட்டியை 1880-லேயே வெற்றிகரமாக வெட்டி எடுத்த டில்லோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரில்தான் இந்தச் சோதனை இருக்கிறதாம். ஒரு வருடத்தில் என் வயிற்றைக் கை வைத்து ஒழுங்காகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சிடிக்குப் போனது தனிக் கொடுமை. காலை 5 மணி பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கே?" என்றார்கள். நரம்பில் மருந்து ஏற்றும் சிடி என்றால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது நியாயம்தான். முந்தின நாள் போனில் மூன்று முறை கேட்டேனே, அப்போது சொல்லியிருக்கலாம். அன்று திரும்பி வந்தோம். ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். சிடி எடுத்தால் ஃபிலிமோடு நிற்காதீர்கள், படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் செய்கிறவர் அதைப் போட்டுத்தான் பார்க்கிறார்.

முடிவு வந்தது. இரண்டு சினைப்பையும் நன்றாக இருந்தன. கட்டி சிறுகுடலின் சவ்வில். அந்த வரியை என் வீட்டுக்காரர் பஸ்ஸில் நான்கு தடவை படித்துக் காட்டினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் கொடுத்தோம். ஃபைலில் மேலே இருந்தது பழைய ஸ்கேன். அங்கிருந்தவர் அதைப் பார்த்தே சினைப்பைக் கட்டி ஆபரேஷன் என்று அனுமதிக்கு அனுப்பிவிட்டார். சிடியில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று என்று கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தப்பு அவருடையது, அலைந்தது நாங்கள். "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று ஒரு முறை, "சீல் இல்லை" என்று ஒரு முறை. இரண்டு நாள் போனது. அனுப்புவதற்கு முன் என்ன நோய், என்ன ஆபரேஷன் என்று திரையில் காட்டச் சொல்லிப் படித்துவிடுங்கள். சத்தம் போடத் தேவையில்லை, "ஒரு தடவை பார்த்துக்கிறேன் சார்" என்றாலே காட்டுகிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி குடலின் ரத்தக் குழாய்களோடு ஒட்டியிருந்தால் குடலிலும் கொஞ்சம் வெட்டி இணைக்க வேண்டிவரும் என்று முன்னமே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த அளவுக்குப் போகவில்லை, பை முழுசாக உரிந்து வந்தது. உள்ளே பால் மாதிரி வெள்ளையாக நீர். குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து போகும் நிணநீர் தேங்கினால் அந்த நிறம் வருமாம். ஐந்தாம் நாள் இட்லி சாப்பிட்டேன்.

நான் இன்னும் மயக்கத்தில் இருக்கும்போதே, ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் அந்தப் பையைப் போட்டு, பயாப்ஸிக்குக் கொண்டுபோகச் சொல்லி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதிகம் பேசாத மனிதர். லிஃப்ட்டில் இறங்கும்போது டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்திருக்கிறார். மூன்றாவது முறையாக அங்கேயும் "இடது சினைப்பைக் கட்டி". லேபுக்குப் போகவில்லை. அப்படியே திரும்பி மேலே ஏறி, தியேட்டர் வாசலில் நின்று, சீட்டை மாற்றி எழுதித் தரும் வரை நகரமாட்டேன் என்று நின்றிருக்கிறார். நாற்பது நிமிடம். பழையதை அடித்து, கையெழுத்துப் போட்டு, சிறுகுடல் சவ்வு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் லேபுக்கு இறங்கினாராம்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நிணநீர்க் கட்டி, புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த ரிப்போர்ட்டை ஃபைலில் முதல் தாளாக வைத்திருக்கிறேன். பழைய ஸ்கேன் மேல் பேனாவால் பெரிதாக "தவறு" என்று எழுதி, கடைசியில் தள்ளிவிட்டேன்.