சீன வகுப்பும் நடுவில் வரும் ஆறு நாட்களும்

கிழமைக்கு ஒருநாள் மட்டும் நடக்கும் மொழி வகுப்பில், அந்த ஒருநாளை விட மற்ற ஆறு நாட்கள்தான் ஆசிரியரின் பெரிய பொறுப்பு. திருகோணமலையில் வார இறுதிகளில் சீனம் படிப்பித்து நான் விளங்கிக்கொண்டது இதைத்தான். பாடசாலையில் திங்கட்கிழமை சொல்லிக் கொடுத்தது செவ்வாய்க்கிழமை மறந்துபோனால் உடனே பிடித்துத் திருத்தலாம். எங்களுக்கு அது அடுத்த ஞாயிறுதான் தெரியவரும். நடுவில் ஒரு போயா வந்தாலோ, கார்த்திகை மார்கழி மழை அடித்து ஊற்றினாலோ இரண்டு கிழமை போய்விடும். பிள்ளைகளில் பிழை சொல்ல முடியாது. வீட்டில், கடையில், பஸ்ஸில் எங்கேயும் சீனம் காதில் விழாத ஊர் இது.

சீனர்கள் குடியேறிய நாடுகளில் இப்படியான வார இறுதிப் பள்ளிகள் நெடுங்காலமாக நடக்கின்றன. பெற்றாரே தொண்டாசிரியர்களாக நின்று நடத்துவதும் உண்டு. ஆசிரியர் நேரத்துக்கு முன்னரே வர வேண்டும், பாடக்குறிப்பு எழுத வேண்டும், வீட்டுவேலை கொடுத்துத் திருத்த வேண்டும், வரமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி மாற்று ஆள் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று அவர்களிடம் எழுதிய விதிகள் இருக்கும். எங்கள் வகுப்புக்கும் விதிகள் எழுதியபோது அவற்றைத்தான் அடியொற்றினோம். பாதி அப்படியே பொருந்தியது. மீதி பொருந்தாததற்குக் காரணம், அங்கே பல வீடுகளில் அம்மாவோ பாட்டியோ சீனத்தில் கதைப்பார்கள். பிள்ளைக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கும். இங்கே ஆசிரியர் வாய் திறந்தால்தான் சீனம்.

மாற்று ஆள் என்ற விதி எங்களுக்கு எழுத்தில் மட்டும்தான். இந்த ஊரில் சீனம் படிப்பிக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். நான் போகாவிட்டால் வகுப்பே இல்லை. அதனால் கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, தவணை தொடங்க முன்னரே நாட்காட்டியை வைத்துக்கொண்டு இருந்து பார்க்கிறோம். ஞாயிறு காலையில் சைவப் பிள்ளைகளுக்கு அறநெறி, சிங்களப் பிள்ளைகளுக்கு தஹம் பாசல என்ற பௌத்த அறநெறிப் பள்ளி. ஆகவே எங்கள் வகுப்பு பின்னேரத்தில். வெயில் உச்சியில் இருக்கும்போது சோறு தின்றுவிட்டு வரும் பிள்ளைகள். முதல் கால் மணித்தியாலத்தை எழுதக் கொடுத்துத் தொடங்கினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எழுப்பி நிறுத்தி எண்களைச் சத்தமாகச் சொல்ல வைத்தால்தான் வகுப்பு உயிர்பெறும்.

வகுப்பு முடிந்தபிறகு கடைசிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்வரை நிற்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உவர்மலைப் பிள்ளைகள் நடந்தே போய்விடுவார்கள். கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தகப்பன்மார் வேலை முடிந்துதான் வருவார்கள். அந்த அரை மணித்தியாலத்தைக் கணக்கில் எடுக்காத ஆசிரியர், பெற்றாரின் நம்பிக்கையைக் கேட்க முடியாது. அதோடு, வாசலில் நின்று கதைக்கும்போதுதான் பிள்ளை வீட்டில் கொப்பியைத் திறந்ததா இல்லையா என்பது வெளியே வரும்.

சரி, அந்த ஆறு நாட்களுக்கு வருகிறேன். சீன எழுத்தில் கோடு போகும் ஒழுங்கு முக்கியம். மேலே முதல், பிறகு கீழே. இடது முதல், பிறகு வலது. பெட்டி போன்ற எழுத்தில் உள்ளே எழுதி முடித்த பிறகுதான் அடிக்கோட்டை மூட வேண்டும். வாய் என்ற எழுத்தை எடுங்கள். பார்வைக்கு ஒரு சின்னச் சதுரம். அதற்கு மூன்று கோடுகள்: இடப்பக்க நிலைக்கோடு ஒன்று, மேலே போய் வலப்பக்கம் மடிந்து இறங்குவது ஒன்று, அடியில் மூடுவது ஒன்று. தமிழெழுத்தைச் சுழித்துச் சுழித்து எழுதிப் பழகிய கை அதைப் பேனையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்துவிடும். கொப்பியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திருத்துகிறவர் சரி போட்டுவிடுவார். அப்புறம் பத்துப் பன்னிரண்டு கோடுள்ள எழுத்து வரும்போது அந்தக் கைக்கு வழி தெரியாது, ஒவ்வொன்றையும் படம் மாதிரி பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கும். ஆகவே கொப்பியைச் சேர்த்து மேசையில் வைத்துத் திருத்துவது எங்கள் வேலையில் கடைசிப் பகுதி. முதல் பகுதி, வாங்குகளுக்குப் பின்னால் நடந்து கை போகும் வழியைப் பார்ப்பது.

வகுப்பில் நான் பார்ப்பேன். வீட்டில் யார் பார்ப்பது? “எங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாதே மிஸ்” என்று தாய்மார் சொல்வார்கள். சீனம் தெரியத் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும் என்பேன். கொடுக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் எத்தனை கோடு என்று எழுதி அனுப்புகிறோம். பிள்ளை எழுதும்போது அம்மா பக்கத்தில் இருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். மூன்று வர வேண்டிய இடத்தில் ஒன்றோடு முடிந்தால் பிழை. சமைத்துக்கொண்டே எண்ணுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஞாயிறு வரும்போது கையில் பழக்கம் தெரிகிறது. ஒரு நாளைக்கு ஐந்து எழுத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை. கூடக் கொடுத்தால் சனிக்கிழமை இரவு ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டு வருவார்கள். அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

உச்சரிப்புக்கு அம்மாவின் எண்ணிக்கை உதவாது. அதற்குக் கைபேசியில் குரல் பதிவு. சீன ஒலிகளை ரோம எழுத்தில் எழுதும் பின்யின் முறையைச் சீனா 1958இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் அதை ஆங்கிலம் வாசிப்பது போல வாசித்துவிடுவதுதான் சிக்கல். ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தைக் கண்டதும், பஸ் என்று சொல்லும்போது போலத் தொண்டையை அதிர வைப்பார்கள். அங்கே வேண்டியது பால், பழம் என்று நாங்கள் நாள்முழுக்கச் சொல்லும் அதே ப. பதினாறாம் எழுத்துக்கோ அதே ப-வோடு மூச்சையும் ஊதித் தள்ள வேண்டும். மெல்லிய கடதாசித் துண்டொன்றை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். எட்டு என்பதற்கான சீனச் சொல்லுக்குக் கடதாசி அசையக்கூடாது, பயப்படுவது என்பதற்கு எழும்ப வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் பா தான். அதனால்தான் சீனச் சொல்லின் மேல் தமிழெழுத்தில் உச்சரிப்பு எழுதி வைக்க நான் விடுவதில்லை. கொஞ்சம் கடுமை என்று சில பெற்றாருக்கு மனவருத்தம். ஆனால் அப்படி எழுதிப் பழகிய பிள்ளையை ஒரு வருடம் கழித்துத் திருத்துவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

பெற்றாருக்கு ஆசை பெரிது. புலமைப்பரிசில், சீனாவில் பல்கலைக்கழகம், நல்ல வேலை. ஆசைப்படுவதில் பிழையே இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. எச்எஸ்கே என்ற சீன மொழித் தகுதித் தேர்வில் முதலாம் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாம் நிலைக்கு 300, மூன்றாம் நிலைக்கு 600 என்பதுதான் நாங்கள் படித்த காலத்துக் கணக்கு. 2021இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய தரநிலை வந்தது. பழைய முறையில் முதல் இரண்டு நிலைகளின் வினாத்தாளில் எழுத்தோடு பின்யினும் அச்சிட்டிருக்கும், 200க்கு 120 எடுத்தால் சித்தி. மூன்றாம் நிலையில் பின்யினை எடுத்துவிடுவார்கள். இரண்டு சான்றிதழ் எடுத்த பிள்ளை மூன்றாவதில் ஒரு வரிகூட வாசிக்க முடியாமல் நிற்கும். சான்றிதழைக் காட்டிப் பெயர் வாங்குவது வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இலகு. முதல் மாதத்திலிருந்தே பின்யினைக் கையால் மறைத்து வாசிக்கப் பழக்குவதுதான் ஆசிரியர் செய்ய வேண்டியது. அதனால் முன்னேற்றம் மெதுவாகத் தெரியும். அதைப் பெற்றாரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

வளர்ந்தவர்கள் வகுப்பு வேறு மாதிரி. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் பொடியன்மாருக்கு எழுத்து வேண்டாம், கதைத்தால் போதும். புறாத்தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு, பவளப்பாறையில் மிதிக்க வேண்டாம். இதைத்தான் கேட்பார்கள், இதைத்தான் கொடுக்கவும் வேண்டும். சுற்றுலாக் காலம் தொடங்கியதும் அவர்கள் வரமாட்டார்கள் என்பது தெரிந்ததே. பாடத்திட்டத்தை அதற்கேற்ப மாரி காலத்தில் முடித்துவிடுகிறோம்.

ஒரே வகுப்பில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் இருப்பதால் விளக்கத்தை இரண்டு மொழியில் சொல்கிறேன். நேரம் போகும்தான். ஆனாலும் தன் மொழியில் ஒருமுறையாவது கேட்காத பிள்ளை கடைசி வாங்குக்குப் போய்விடும். காலியில் 1911இல் கண்டெடுத்து இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சீனக் கடற்தளபதி செங் ஹே நிறுத்திய, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைக் கோயில் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று படத்தில் விரல் வைத்துத் தேடுவார்கள்.

ஆசிரியர்களிடம் இவ்வளவையும் எதிர்பார்க்கும் நிர்வாகம் கொடுப்பனவை வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான் கணக்கிடுகிறது. பாடக்குறிப்பு, கோடு எண்ணிக்கைத் தாள், இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையின் குரல் பதிவையும் கேட்டுப் பதில் அனுப்புவது, தேர்வுக்குப் பிள்ளைகளை இரவு ரயிலில் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே. படிப்பிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியை நன்றாகச் சீனம் கதைக்கிறாள், பிள்ளைகளும் அவளோடு ஒட்டிவிட்டார்கள். வீட்டுச் செலவு பார்க்க வேண்டிய வயது அவளுக்கு. கிழமை நாட்களில் செய்யும் வேலைக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு தர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். தவணை முடிவுக் கூட்டத்தில் அதை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.