முரசுக் கோபுரத்துக்குப் பின்னால்

சீனாவின் சியான் நகரில் மிங் அரசர்கள் காலத்து மதில் சுமார் 13.7 கிலோமீட்டர் சுற்றளவு. வருகிறவர்கள் அதன் மேல் சைக்கிள் ஓட்டப் போய்விடுகிறார்கள். நான் உள்ளே, முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் ஹூய் எனப்படும் சீன முஸ்லிம்களின் தெருக்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அங்குள்ள பெரிய பள்ளிவாசலை வாசலில் நின்று பார்த்தால் சீனக் கோயில் என்றுதான் நினைப்போம். வளைந்த ஓட்டுக்கூரை, மரத் தோரணவாயில், ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள். மினாரா எங்கே என்று தேடினேன்; நடுவே நின்ற எண்கோண மண்டபம்தான் அதுவாம்! இப்போதைய கட்டடங்கள் 1392-இல் எழத் தொடங்கியவை. சீனக் கோயில்கள் பெரும்பாலும் தெற்கு பார்த்தவை. இது மக்காவை நோக்கி மேற்கே நீள்கிறது. தொழுகைக்கூடத்துக்குள் முஸ்லிம்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால் வாசலோடு சரி.

அப்புறம் யாங்ரோ பாவ்மோ. கெட்டி ரொட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நாமே பொடியாகப் பிய்த்துக் கொடுத்தால்தான் ஆட்டிறைச்சிச் சாற்றில் கொதிக்கவைத்துத் தருவார்கள். பசி அவசரத்தில் பெரிது பெரிதாகப் பிய்த்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். மறுபடியும் முதலிலிருந்து. விரல் நுனியெல்லாம் வலி.